கட்டடம் வருகிறது, ஆட்கள் எப்போது?

அம்மாவுக்குச் சுகர், பிரஷர் இரண்டும் உண்டு. மூட்டுவலி வேறு. முன்பெல்லாம் பஸ் ஏறி ஜி.எச். போய், சீட்டுப் போட்டு, வரிசையில் நின்று மாத்திரை வாங்கித் திரும்புவதற்குள் அரைநாள் போய்விடும். அதனால் பல மாதங்கள் போகாமலே இருந்துவிடுவார். இப்போது ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் எங்கள் தெருவுக்கு ஒரு அக்கா வருகிறார். திண்ணையில் உட்கார்ந்து பிரஷர் பார்க்கிறார். மாத்திரை அட்டையை வாங்கி எண்ணிவிட்டு, “இவ்வளவு மிச்சம் இருக்குதே, ஏன் பெரியம்மா போடல?” என்று கேட்கிறார். என்னிடம் சமாளிக்கிற அம்மாவுக்கு அவரிடம் சமாளிக்க வராது.

2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய திட்டம் இது. 2024இல் ஐ.நா. விருதும் வாங்கியது. இதற்காகப் புதிதாக மருத்துவமனை கட்டவில்லை. சுயஉதவிக் குழுப் பெண்களைப் பயிற்சி கொடுத்து வீடு வீடாக அனுப்பினார்கள், அவ்வளவுதான்.

ஆரம்ப சுகாதார நிலையங்களின் கதையும் இதேதான். மாலையானால் பூட்டிக் கிடந்த இடங்களில், 2000களில் மூன்று செவிலியர்களை ஷிப்ட் முறையில் போட்டு 24 மணி நேரமும் திறந்து வைத்தார்கள். அதன் பிறகுதான் நடுராத்திரி வலி எடுத்தாலும் அங்கே போகலாம் என்ற நம்பிக்கை கிராமத்துப் பெண்களுக்கு வந்தது.

போன வருடம் அப்பாவை ஒரு அரசு மருத்துவமனையில் சேர்த்திருந்தோம். புதுக் கட்டடம், நல்ல கட்டில், மருந்துக்கும் குறையில்லை. ஆனால் ராத்திரி இரண்டு வார்டுக்கும் சேர்த்து ஒரே செவிலியர். ஸ்கேன் எடுக்க ஸ்ட்ரெச்சரை நானும் பக்கத்துக் கட்டில்காரரின் மகனும்தான் தள்ளிக்கொண்டு போனோம். டிரிப்ஸ் தீர்ந்ததும் அந்தச் செவிலியரைத் தேடி ஓடினேன். அடுத்த வார்டில் மூச்சுத் திணறும் ஒரு பாட்டிக்கு ஆக்சிஜன் வைத்துக்கொண்டிருந்தார். அவர் மேல் எப்படிக் கோபப்படுவது? விடியும்வரை அவர் ஒரு நிமிடம் உட்கார்ந்து நான் பார்க்கவில்லை.

கட்டடம் வேண்டாம் என்று சொல்லவில்லை. 2023இல் கிண்டியில் 1,000 படுக்கைகளோடு திறந்த பல்நோக்கு மருத்துவமனை ஏழைகளுக்குப் பெரிய ஆறுதல். ஆனால் படுக்கை கூடும்போது ஆட்களும் கூட வேண்டுமே! 2015இல் தேர்வு எழுதி வேலைக்கு வந்த செவிலியர்களை 7,700 ரூபாய் தொகுப்பூதியத்தில் வைத்திருந்தோம். இரண்டு வருடத்தில் நிரந்தரம் என்ற வாக்கை நிறைவேற்றச் சொல்லி, 2017 நவம்பரில் அவர்கள் சென்னையில் மருத்துவத் துறை இயக்குநரகம் இருக்கும் டி.எம்.எஸ். வளாகத்தில் தரையில் உட்கார்ந்து போராட வேண்டியிருந்தது. அப்புறம் ஊதியம் கூடியது, கட்டம் கட்டமாக நிரந்தரமும் ஆக்கினார்கள். ஆனால் ஒப்பந்த முறை மட்டும் ஒழிந்தபாடில்லை.

அடுத்த முறை புதிய மருத்துவமனை அறிவிக்கும்போது, எத்தனை கோடி, எத்தனை மாடி என்பதோடு எத்தனை நிரந்தரப் பணியிடங்கள் என்பதையும் அதே அறிவிப்பில் சொல்லுங்கள். செவிலியர் மட்டுமல்ல, லேப் டெக்னீஷியன், மருந்தாளுநர், ஸ்ட்ரெச்சர் தள்ளுகிற பணியாளர் எல்லாரையும் சேர்த்து. அம்மாவின் மாத்திரையை எண்ணிப் பார்க்கிற அந்த அக்காவுக்கும் ஊக்கத்தொகையாக இல்லாமல் மாதச் சம்பளமாகக் கொடுங்கள்.