அத்தைக்கு அதை ஒருத்தராவது தமிழில் சொல்லியிருக்கலாம்

போன தீபாவளி முடிந்த வாரம் தாராவியில் அத்தை வீட்டுக்குப் போயிருந்தேன். சர்க்கரை எடுக்கக் கை விட்டபோது அரிசி டப்பாவுக்குப் பின்னால் மாத்திரை அட்டைகள் கிழிக்காமல் கிடந்தன. எண்ணிப் பார்த்தேன். இருபத்தாறு நாள் மாத்திரை.

"உடம்பு நல்லாத்தானய்யா இருக்கு. அத முழுங்குனா குமட்டுது. காலைல மூணு மணிக்கு இட்லி அவிக்கணும், குமட்டிக்கிட்டு எப்படி நிக்க?"

அத்தைக்கு சிஎம்எல். ரத்தப் புற்றுநோயில் ஒரு வகை. நாலு வருடமாக இமாட்டினிப் 400 மில்லிகிராம், தினம் ஒன்று. வைத்தியம் பார்த்த இடத்தில் அவளுக்கு இந்தியில் சொன்னது ஒரே ஒரு வாக்கியம்: ரோஜ் ஏக் கோலி, கானே கே பாத் (தினம் ஒரு மாத்திரை, சாப்பாட்டுக்கு அப்புறம்). எதற்காகத் தினமும், விட்டால் என்ன ஆகும் என்று யாரும் சொல்லவில்லை. 'படிக்காத பொம்பளை, செல்லு கில்லு எல்லாம் இவளுக்கு எதுக்கு' என்று நினைத்திருப்பார்கள். எனக்கு அதில்தான் கோபம். அன்று ராத்திரி நானே சொன்னேன். நான் டாக்டர் இல்லை, விலங்கியல் படித்தவன். அரை மணி நேரம்தான் ஆனது.

அத்தை சந்தில் விடிகாலையில் குழாய்த் தண்ணீர் வரும். முனை வீட்டுக்காரி குழாயில் சத்தம் கேட்டதும் "தண்ணி வந்துட்டு" என்று அடுத்த வீட்டுக் கதவைத் தட்டுவாள். அவள் அடுத்த கதவை. இரண்டு நிமிடத்தில் சந்து முழுக்கக் குடம். செல்லுக்குள் நடப்பதும் இதுதான். வெளியிலிருந்து வளர்ச்சிக் காரணி என்ற புரதம் வந்து செல்லின் மேல் இருக்கும் ஏற்பியைத் தொடுகிறது. ஏற்பி உள்ளே இருக்கும் புரதத்தைத் தட்டுகிறது, அது அடுத்ததை. கைனேஸ் என்ற புரதங்கள் அடுத்ததன் மேல் பாஸ்பேட் என்ற சின்ன வேதித் துண்டு ஒன்றை ஒட்டிவிடும், அதுதான் அந்தத் தட்டு. தகவல் உட்கருவுக்குப் போனதும் சைக்ளின் என்ற புரதம் உருவாகி, தன் ஜோடி கைனேஸோடு சேர்ந்து, செல் இரண்டாகப் பிரிய வழி விடுகிறது. வேலை முடிந்ததும் சைக்ளினைச் செல்லே அழித்துவிடும். சத்தம் அடங்கும்.

அத்தையின் எலும்பு மஜ்ஜையில் ஏதோ ஒரு செல்லில் ஜீன்களைச் சுமக்கிற குரோமோசோம்களில் 9ஆம் குரோமோசோமின் துண்டும் 22ஆம் குரோமோசோமின் துண்டும் இடம் மாறி ஒட்டிக்கொண்டன. அதனால் பிசிஆர்-ஏபிஎல் என்று ஒரு கைனேஸ் பிறந்தது. அது குழாயைப் பார்க்காமலே "தண்ணி வந்துட்டு, தண்ணி வந்துட்டு" என்று ராப்பகலாகக் கத்துகிறவள் மாதிரி. வெள்ளையணுக்கள் பெருகிக்கொண்டே போகும். இமாட்டினிப் போய் அந்தக் கைனேஸின் குழிக்குள் உட்கார்ந்து வாயை அடைத்துவிடுகிறது. ஆனால் ஏறக்குறைய 18 மணி நேரத்தில் மருந்தில் பாதி ரத்தத்திலிருந்து போய்விடும்.

"அப்ப தெனமும் அவ வாயப் பொத்தணும்ங்கியா?"

ஆமா அத்தை, அதேதான்.

இதையெல்லாம் கண்டுபிடித்த கதையை நினைத்தால் எனக்கு இன்னும் ஆச்சரியம் அடங்காது. 1982இல் டிம் ஹன்ட் என்ற விஞ்ஞானி கடல் முள்ளெலி முட்டைகளில் ஒரு புரதம் ஏறி ஏறி இறங்குவதைப் பார்த்தார், அதுதான் சைக்ளின். லேலண்ட் ஹார்ட்வெல் ரொட்டி ஈஸ்ட்டில் செல் பிரிவதை ஆராய்ந்தார். பால் நர்ஸ் இன்னொரு ஈஸ்ட்டில் சைக்ளினின் ஜோடி கைனேஸை உருவாக்கும் ஜீன் பழுதானபோது அதற்குப் பதில் மனித ஜீனை வைத்துப் பார்த்தார், ஈஸ்ட் ஒழுங்காகப் பிரிந்தது. ஈஸ்ட்டுக்கும் அத்தைக்கும் ஒரே சாவி! மூவருக்கும் 2001இல் நோபல். இமாட்டினிப்புக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்ததும் அதே வருடம்.

அப்புறம் விலை. இமாட்டினிப்பை முதலில் விற்ற நோவார்ட்டிஸ் கம்பெனியின் மருந்து இங்கே ஒரு காலத்தில் மாதம் ஒரு லட்சத்துக்கு மேல். 2013 ஏப்ரல் 1ஆம் தேதி உச்ச நீதிமன்றம் காப்புரிமை கிடையாது என்று சொன்னது. அதனால்தான் நம் கம்பெனிகளின் மாத்திரை தடையில்லாமல் தொடர்ந்து வந்து, இட்லி விற்கிற வீட்டுக்கும் எட்டியது. இவ்வளவு பாடுபட்டு வீடு வரைக்கும் வந்த மாத்திரை, விளக்கிச் சொல்ல ஆள் இல்லாமல் அரிசி டப்பாவுக்குப் பின்னால் கிடந்தது. என்னால் இதைத் தாங்கிக்கொள்ள முடியவில்லை.

அடுத்த ரத்தப் பரிசோதனையில் பிசிஆர்-ஏபிஎல் அளவு ஏறித்தான் இருந்தது. டாக்டரிடம் உண்மையைச் சொன்னோம். சாப்பாட்டோடு, பெரிய தம்ளர் நிறையத் தண்ணீர் குடித்து விழுங்கச் சொன்னார், குமட்டல் குறைந்தது. ஆறு மாதத்தில் அளவும் இறங்கியது. சிலருக்குப் பல வருடம் பார்த்துவிட்டு டாக்டரே மாத்திரையை நிறுத்துவது உண்டு. அது அவர் முடிவு, நாமாக நிறுத்தக் கூடாது.

சயானில், மாட்டுங்காவில், செம்பூரில் இந்த மாத்திரை சாப்பிடுகிற நம் ஆட்கள் யாராவது இருந்தால் எனக்குச் செய்தி அனுப்புங்கள். ஞாயிற்றுக்கிழமை நான் வருகிறேன். அத்தையும் வருகிறேன் என்கிறாள், அவள் என்னைவிட நன்றாகச் சொல்வாள்.