ஆம்னி வாங்கும் தம்பிகளுக்கு: முதல் காசு பிரேக்குக்குப் போகட்டும்

மாருதி ஆம்னி உற்பத்தி 2019-ல் நின்றுபோனது. நின்ற பிறகு அதைத் தேடிப் பிடித்து வாங்கும் பையன்கள் கூடிவிட்டார்கள் என்பது என் கணிப்பு. யாரும் சீந்தாமல் ஷெட்டில் கிடந்த வண்டிக்குப் புது பெயின்ட் அடித்துத் தெருவில் ஓட்டுகிறார்கள் என்றால் அதைவிட நல்ல செய்தி எனக்கு இல்லை. நானும் ஒரு பழைய ஆம்னிக்காரன். அந்த உரிமையில்தான் இதை எழுதுகிறேன்.

1984-ல் மாருதி வேன் என்ற பெயரில் வந்து, 1988-ல் ஆம்னி ஆன வண்டி இது. மாருதி 800-ல் இருந்த அதே 796 சிசி, மூன்று சிலிண்டர் எஞ்சின். ஆனால் இதில் பவர் போவது பின் சக்கரங்களுக்கு. நீளம் மூன்றரை மீட்டர்கூட இல்லை. அதற்குள் எட்டு சீட் மாடல் விட்டார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகள், பூ மூட்டை, பந்தல் சாமான், ஆம்புலன்ஸ் என்று இது பார்க்காத வேலை கிடையாது. முன் சீட்டைத் தூக்கினால் எஞ்சின் கண்முன்னே இருக்கும். பிளக் கழற்ற, பெல்ட் பார்க்க, பழைய வண்டியாக இருந்தால் கார்புரேட்டரில் கை வைக்க, எதற்கும் பெரிய ஒர்க்‌ஷாப் தேவையில்லை. சொந்தக் கையால் வண்டி வேலை கற்றுக்கொள்ள நினைப்பவருக்கு இதைவிட நல்ல வாத்தியார் கிடைப்பது கஷ்டம்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். வண்டி வாங்கியதும் என்ன செய்கிறீர்கள்? அலாய் வீல், அகலமான டயர், எல்இடி பல்பு, ஏர் ஹாரன், பின்னால் ஒரு பெரிய ஸ்பீக்கர் பெட்டி. கையில் இருக்கும் பணம் அதோடு தீர்ந்துவிடுகிறது. பிரேக் ஆயில் மட்டும் முந்தைய ஓனர் ஊற்றியதாகவே இருக்கும்.

ஆம்னியில் உங்கள் முழங்காலுக்கும் முன்னால் போகிற லாரிக்கும் நடுவில் பானெட் என்ற ஒன்றே இல்லை. ஏர்பேக்கும் இல்லை. மோதல் பாதுகாப்பு விதிகள் கடுமையானதால்தான் கம்பெனியே இதை நிறுத்தியது. அப்படிப்பட்ட வண்டியில் நம்மைக் காப்பாற்றக்கூடியது நேரத்துக்கு நிற்பது ஒன்றுதான். முதல் காசு அங்கே போக வேண்டும் என்று நான் பிடிவாதமாகச் சொல்வதற்குக் காரணம் இதுதான்.

பிரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும். டாட் 3 என்ற தர வகையில் புது பிரேக் ஆயிலின் கொதிநிலை குறைந்தது 205 டிகிரி இருக்க வேண்டும் என்பது தரவிதி. ஈரம் ஏறிய பிறகு அதே விதி கேட்பது 140 டிகிரிதான். கொல்லிமலையில் காரவள்ளிப் பக்கம் 70 கொண்டை ஊசி வளைவுகள். ஆள் நிறைய ஏற்றிக்கொண்டு, மூன்றாவது கியரில் பிரேக்கை மிதித்தபடியே இறங்கினால், பழைய ஆயில் உள்ளே கொதித்து ஆவியாகும். பெடலை அழுத்தினால் பஞ்சு மாதிரி உள்ளே போகும், வண்டி நிற்காது. புது ஆயில் என்றாலும் இறக்கத்தில் இரண்டாவது கியர்தான். ஆயிலோடு சேர்த்துப் பின் டிரம்மைக் கழற்றி வீல் சிலிண்டரில் கசிவு இருக்கிறதா என்று பாருங்கள். முன் சக்கரத்துக்குப் போகிற ரப்பர் ஹோஸை வளைத்துப் பார்த்து, வெடிப்பு தெரிந்தால் யோசிக்காமல் மாற்றுங்கள். ஓர் அலாய் வீல் செட்டுக்கு ஆகும் செலவில் பாதிகூட இதற்கு ஆகாது.

அடுத்து வெளிச்சம். பழைய ஆம்னியின் ஹெட்லைட் மங்கல் என்று எல்லோரும் புலம்புகிறோம். பெரும்பாலும் பல்பு மேல் குற்றமில்லை. கரண்ட், ஸ்விட்ச் வழியாகப் பழைய மெல்லிய வயரில் சுற்றிவந்து சேர்வதற்குள் வோல்டேஜ் இறங்கிவிடுகிறது. ஹாலோஜன் பல்பில் வோல்டேஜ் 10 சதவீதம் குறைந்தால் வெளிச்சம் ஏறக்குறைய 30 சதவீதம் போய்விடும். பேட்டரியிலிருந்து தடிமனான வயரைப் பியூஸோடு இழுத்து, லோ பீமுக்கு ஒன்று, ஹை பீமுக்கு ஒன்று என்று இரண்டு ரிலே (ஸ்விட்சைப் போட்டதும் பேட்டரி கரண்டை நேராகப் பல்புக்கு விடும் சின்னப் பெட்டி) போட்டு, எர்த்தைச் சுரண்டிச் சுத்தம் செய்து இறுக்கிப் பாருங்கள். கம்பெனி பல்பே பளிச்சென்று எரியும். ஹாலோஜனுக்கென்று செய்த ரிஃப்ளெக்டருக்குள் எல்இடியைச் செருகினால் ஒளி சிதறி எதிரில் வருபவர் கண்ணைத்தான் குத்தும். இரவில் எதிரே பைக்கில் வருபவரை நினைத்தால் எனக்குக் கோபமே வருகிறது.

டயர் விஷயத்திலும் ஒன்று கவனியுங்கள். ஆம்னியின் டயரில் 145 ஆர் 12 எல்டி என்று போட்டிருக்கும். எல்டி என்றால் லேசான சரக்கு வண்டிக்கான டயர். பாரம் தாங்குவதற்காகவே அது. பார்க்க நன்றாக இருக்கிறது என்று கார் டயரை மாட்டும்போது அது எவ்வளவு பாரம் தாங்கும் என்று பக்கவாட்டில் படித்துப் பார்ப்பவர் குறைவு. பவர் ஸ்டீயரிங் இல்லாத வண்டியில் அகல டயர் போட்டால் கையும் வலிக்கும். முன் ஸ்பிரிங்கை வெட்டி, பின்னால் இருக்கும் பட்டை ஸ்பிரிங்கில் ஒரு பட்டையை உருவி வண்டியைத் தாழ்த்துவது எனக்கு அறவே பிடிக்காத வேலை. நம் ஊர் வேகத்தடைகளில் அடிதட்டாமல் ஏறி இறங்குவதுதானே இந்த வண்டியின் சிறப்பு?

வீட்டு சிலிண்டர் கேஸில் ஓட்டுவதைப் பற்றி நீட்டி முழக்க மாட்டேன். செய்யாதீர்கள். அங்கீகாரம் பெற்ற கிட் போட்டு ஆர்.சி.யில் ஏற்றினால் மட்டும் கேஸ்.

இதெல்லாம் முடிந்த பிறகு உள்ளே அழகு பாருங்கள், நானும் கூட வருகிறேன். சீட்டுக்குக் கீழே எஞ்சின், தலைக்கு மேலே வெறும் தகரம். சித்திரை வெயிலில் உள்ளே உட்கார முடியாது. கூரை லைனிங்கைப் பிரித்து, தகரத்தில் அதிர்வை அடக்கும் டேம்பிங் ஷீட் ஒட்டி, அதன் மேல் ஃபோம் ஷீட் கொடுத்து மூடினால் சூடும் சத்தமும் நன்றாகவே குறையும். மழைத்துளி விழும் சத்தமே வேறு மாதிரி கேட்கும். சென்னையில் இருப்பவர்கள் உள் அலங்காரச் சாமான்களுக்கு ஜி.பி. ரோடு, பழைய ஸ்பேருக்குப் புதுப்பேட்டை என்று ஒரு சுற்று போனால் போதும்.

கடைசியாக, அரசிடம் ஒரு கோரிக்கை. மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவும், 2019 ஜனவரியில் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பும் கம்பெனி கொடுத்த அமைப்புக்கு மாறாக வண்டியைத் திருத்தக் கூடாது என்கின்றன. அனுமதியில்லாமல் செய்யும் ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்க 182ஏ பிரிவில் இடமிருக்கிறது. ஸ்பிரிங்கை வெட்டுபவரைத் தடுக்க இது வேண்டியதுதான். ஆனால் பின் சீட்டைக் கழற்றிப் படுக்கை போட நினைப்பவர், எல்லா சீட்டுக்கும் மூன்று புள்ளி சீட் பெல்ட் பொருத்த நினைப்பவர், இவர்களெல்லாம் யாரிடம் போய்க் கேட்பது? எதைச் செய்யலாம், எந்தத் தரத்தில் செய்யலாம் என்று தமிழில் ஒரு பட்டியல், ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் ஓர் ஆய்வு, நியாயமான ஒரு கட்டணம். இவ்வளவுதான் கேட்கிறேன். 15 வருடம் தாண்டிய காருக்கு ஆர்.சி. புதுப்பிக்கும் கட்டணத்தை 2022-ல் 600 ரூபாயிலிருந்து 5,000-க்கு ஏற்றினார்கள், கட்டிக்கொண்டுதான் இருக்கிறோம். அந்தப் புதுப்பித்தலுக்கு வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தும் அன்றே இந்த ஆய்வையும் சேர்த்து நடத்தலாம்.