அந்தச் சொல்லில் குச்சி எங்கே இருக்கிறது?

இத்தாலியில் பல்குத்திக்கு ‘ஸ்துட்ஸிகதெந்தி’ என்று பெயர். இதில் ‘ஸ்துட்ஸிக’ என்றால் குச்சி, ஆகவே ‘பற்குச்சி’ என்று ஒருவர் பொருள் சொல்லியிருக்கிறார். பிரித்த இடம் சரி, பொருள்தான் தவறு. முன்பாதி ‘ஸ்துட்ஸிகாரே’ என்ற வினை: குத்துவது, கிளறுவது, சீண்டுவது. பசியைக் கிளறுவதற்கும் இதே வினைதான். கொறிக்கிற சின்னச் சின்னத் தீனிகளுக்கு ‘ஸ்துட்ஸிகீனி’ என்று பெயர் வந்ததும் இப்படித்தான். ‘தெந்தி’ என்றால் பற்கள், அதுவே பன்மை. அதனால் குச்சி ஒன்றானாலும் பத்தானாலும் ‘ஸ்துட்ஸிகதெந்தி’தான். பாட்டில் தக்கையை எடுக்கும் ‘காவதாப்பி’யும் இதே வார்ப்பு: பிடுங்கு + தக்கைகள். நம் ‘பல்குத்தி’யிலும் வினையும் பல்லும்தான், வரிசை மட்டும் தலைகீழ். அதிலும் குச்சி இல்லை, பாருங்கள்!