தப்பித்தது திறமையாலா, தற்செயலாலா?

மனித குலத்தின் நெடுங்கால எதிர்காலம் நன்றாகத்தான் இருக்கும் என்பவர்கள் முதலில் எடுத்து வைப்பது குழந்தை இறப்புக் கணக்கை. 200 ஆண்டுகளுக்கு முன் பிறந்த குழந்தைகளில் பத்துக்கு நான்கு பேர் ஐந்து வயதைத் தாண்டவில்லை. இன்று நூற்றுக்கு நான்குக்கும் குறைவு. இதைவிடப் பெரிய நல்ல செய்தி எனக்குத் தெரியாது. 'உலகம் நாசமாப் போச்சு' என்று தினமும் புலம்புகிறவர்கள் இந்தக் கணக்கைக் கொஞ்சம் பார்க்கலாம்.

ஆனால் நடக்க இருந்து நடக்காமல் போனவை எந்தக் கணக்கிலும் ஏறுவதில்லை.

1962 அக்டோபர் 27. கியூபாவுக்கு அருகே பி-59 என்ற சோவியத் நீர்மூழ்கிக் கப்பல். அதை மேலே வரவைக்க அமெரிக்கப் போர்க்கப்பல்கள் சின்ன வெடிகளைப் போட்டுக்கொண்டிருக்கின்றன. உள்ளே தாங்க முடியாத வெக்கை, மாஸ்கோவோடு தொடர்பும் இல்லை. போர் மூண்டுவிட்டது என்றே நினைத்த கேப்டன், அணுகுண்டு பொருத்திய டார்பிடோவைத் தயார் செய்யச் சொன்னார். உடனிருந்த அதிகாரி வாசிலி ஆர்கிபோவ் வேண்டாம் என்று தடுத்தார். 1983இல் ஐந்து அமெரிக்க ஏவுகணைகள் வருவதாகச் சோவியத் கணினி அலறியபோது, பணியில் இருந்த அதிகாரி ஸ்தனிஸ்லாவ் பெட்ரோவ் அதைப் பொய் எச்சரிக்கை என்று மேலிடத்துக்குச் சொன்னார். மேகத்தில் பட்ட வெயிலை ஏவுகணை என்று எண்ணியிருக்கிறது கருவி.

அந்த இடங்களில் வேறு ஆள் இருந்திருந்தால்? அன்று அவர்களுக்குப் பல்வலியாவது இருந்திருந்தால்?

விண்கல் பயம் எனக்குக் கிடையாது. சுமார் 3 லட்சம் ஆண்டுகள் இயற்கையிடம் தப்பிப் பிழைத்த இனம், அடுத்த நூற்றாண்டிலேயே அதனால் அழியும் வாய்ப்பு மிகக் குறைவு. போதாததற்கு, 2022இல் ஒரு விண்கலத்தை மோதவிட்டு டைமார்ஃபோஸ் என்ற சிறுகோள் தன்னைவிடப் பெரிய சிறுகோளைச் சுற்றிவரும் நேரத்தையே 32 நிமிடம் குறைத்துவிட்டோம். அணு ஆயுதத்தோடு வாழ்ந்த அனுபவமோ நமக்கு வெறும் 80 ஆண்டுதான். செயற்கை நுண்ணறிவோடு அதுகூட இல்லை.

இன்னொன்றும் உண்டு. இதுவரை எந்தக் கொடுங்கோலனையும் கடைசியில் மரணம் கொண்டுபோயிருக்கிறது. சாகாத இயந்திரங்களைக் காவலுக்கு வைத்துக்கொள்ளும் ஆட்சி வந்தால் அந்த ஆறுதலும் போய்விடும். மனித இனம் அழியாமல் இருப்பது மட்டுமே நல்ல எதிர்காலம் ஆகிவிடாது.

சரி, நீ எந்தப் பக்கம் என்றால், நன்றாக இருக்கும் பக்கம்தான். மயிரிழையில். காரணம் பெரியம்மை. அதை உலகம் முழுக்க ஒழிக்கலாம் என்று 1958இல் முன்மொழிந்தது சோவியத் யூனியன். 1967இல் தீவிரமான திட்டத்துக்குத் தலைமை ஏற்றவர் ஓர் அமெரிக்கர். தடுப்பு மருந்தைக் கோடிக்கணக்கில் தந்தது சோவியத். கியூபா கடலில் ஒருவரை ஒருவர் அழிக்கப் பார்த்த அதே இரண்டு நாடுகள்! 1980இல் நோய் ஒழிந்ததாக அறிவிப்பு வந்தது.

அந்தக் கிருமி மட்டும் இன்னும் இரண்டு ஆய்வகங்களில் உறைநிலையில் இருக்கிறது. ஒன்று அமெரிக்காவில், மற்றது ரஷ்யாவில்.