அய்னோ அக்தேவுக்கு முன்பே ஒருவர் இருந்தார்

“பின்லாந்திலிருந்து வெளிநாட்டு மேடையேறிப் புகழ்பெற்ற முதல் ஓபரா பாடகி அய்னோ அக்தே” என்று ஒரு தகவல் படத்தோடு பகிரப்படுகிறது. (ஓபரா என்றால் பாடியே நடிக்கும் இசை நாடகம்.) இந்தத் தகவல் தவறு.

அய்னோ பெரிய கலைஞர்தான். 1897இல் பாரிஸ் ஓபராவில் அறிமுகமானார், 1904இல் நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் ஓபரா அரங்கில் பாடினார், 1912இல் பின்லாந்தின் சவோன்லின்னா கோட்டையில் ஓபரா விழாவைத் தொடங்கினார். ஆனால் அதே மெட்ரோபாலிட்டன் மேடையில் 1888-89 பருவத்திலேயே பாடிய பின்லாந்துப் பெண் ஒருவர் உண்டு. அல்மா ஃபோஸ்ட்ரோம். அந்தப் பருவம் தொடங்கியபோது அய்னோவுக்கு வயது 12!

அல்மா 1856இல் ஹெல்சிங்கியில் பிறந்தவர். செயின்ட் பீட்டர்ஸ்பர்கில் ஹென்ரியெட்டா நிசன்-சலோமானிடமும், அப்புறம் மிலானில் லாம்பெர்ட்டியிடமும் பயின்றார். லண்டனின் கோவென்ட் கார்டன் ஓபரா அரங்கில் பாடினார். 1890 முதல் பல ஆண்டுகள் மாஸ்கோவின் பொல்ஷோய் அரங்கில் முன்னணிப் பாடகி.

மேடையை விட்ட பிறகு செய்த வேலையைத்தான் யாருமே சொல்வதில்லை, அதுதான் எனக்கு வருத்தம். செயின்ட் பீட்டர்ஸ்பர்க் கன்சர்வேட்டரியில் (இசைக் கல்லூரியில்) குரலிசைப் பேராசிரியராக இருந்தார். ரஷ்யப் புரட்சிக்குப் பின் பெர்லின் போய், ஸ்டெர்ன் கன்சர்வேட்டரியில் 1920களில் கற்பித்தார். 1936இல் ஹெல்சிங்கியில் மறைந்தார்.

சரி, அய்னோவின் முதல் ஆசிரியர் யார்? அவருடைய அம்மா எம்மி. அவரும் 1870களில் பின்னிஷ் மொழி ஓபரா மேடையில் பாடியவர்.