டவர் பக்கம் போனாலே ஸ்கூட்டர் ஓடிவிடுமா?
"செல்போன் டவர் பக்கம் போனாலே மின்சார மொபிலிட்டி ஸ்கூட்டர் (நடக்கச் சிரமப்படுபவர்கள் உட்கார்ந்து போகும் சிறு வண்டி) தானாக ஓடிவிடும், பெரியவர்களுக்கு வாங்கித் தராதீர்கள்" என்று சிலர் எழுதுகிறார்கள். பாதி உண்மை, பாதி பயமுறுத்தல்.

ரேடியோ அலை குறுக்கிட்டு வண்டி தானாக நகர்வதும் பிரேக் விடுபடுவதும் நடக்கக்கூடியதுதான். அதனால்தான் 1994-இல் அமெரிக்காவின் எஃப்.டி.ஏ. (உணவு, மருந்து நிர்வாகம்) இதை எச்சரிக்கையாக அச்சிடச் சொன்னது. மீட்டருக்கு 20 வோல்ட் புலத்தையாவது (புலம் என்பது அந்த இடத்தில் ரேடியோ அலையின் வலிமை) வண்டி தாங்க வேண்டும் என்றும் கேட்டது.

ஆனால் டவரைவிட, மடியில் இருக்கும் வாக்கி-டாக்கிக்குத்தான் அதிகம் பயப்பட வேண்டும். தூரம் இரட்டிப்பானால் புலம் ஏறக்குறைய பாதியாகிவிடும். 5 வாட் வாக்கி-டாக்கி முக்கால் மீட்டருக்குள் வந்தாலே அந்த 20-ஐ எட்டிவிடலாம். உயரத்தில், தள்ளி நிற்கும் டவரின் அலை தரைக்கு வரும்போது பெரும்பாலும் அதைவிட மிகக் குறைவு.

செல்போன்? வண்டியை நிறுத்தி, சாவியை அணைத்துவிட்டுப் பேசுங்கள். ஓடும்போது எப்படியும் பேசக்கூடாதே!

தானாக நகர்ந்தால், பாதுகாப்பான இடமாகப் பார்த்து உடனே சாவியை அணையுங்கள். மின்சாரம் நின்றால் ஸ்பிரிங் பிரேக்கைப் பிடித்துவிடும். இங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள்: வண்டியைக் கையால் தள்ளிக்கொண்டு போவதற்கான நெம்புகோலை விடுவித்து வைத்திருந்தால் அந்த பிரேக் பிடிக்காது. சரிவில் அந்த நெம்புகோலைத் தொடவே தொடாதீர்கள். கடையில் கூடுதலாக மாட்டும் விளக்கு, சார்ஜர்களும் ரேடியோ அலையைத் தாங்கும் வண்டியின் திறனைக் குறைக்கலாம்.