அமாக்ஸிசிலின் சிரப் வேண்டாம்

குமார் அண்ணா, ஹாம்ஸ்டருக்கு (எலி மாதிரி சின்ன வளர்ப்புப் பிராணி) பேதின்னு ஒருத்தர் கேட்டதுக்கு, "குழந்தைக்குக் கொடுக்கும் அமாக்ஸிசிலின் சிரப்பையே ரெண்டு சொட்டு கொடுங்க, பேதி நின்னுடும்"னு சொல்லியிருக்கீங்க. நல்ல மனசோட சொன்னதுதான். ஆனா ஹாம்ஸ்டருக்கு அது விஷம் மாதிரி. அமாக்ஸிசிலின் மாதிரி பென்சிலின் வகை ஆன்டிபயாடிக் மருந்துகளை வாய்வழியா கொடுத்தா அதன் குடல்ல இருக்கற நல்ல பாக்டீரியாக்கள் அழிஞ்சு, குளோஸ்ட்ரிடியம்ங்கற கெட்ட பாக்டீரியா பெருகி நஞ்சைக் கக்கும். பேதி நிக்காது, உயிர்தான் போகும். கிளிண்டாமைசின்ங்கற இன்னொரு ஆன்டிபயாடிக்கும் அப்படித்தான். நாய்க்கு ஒத்துக்கறது இதுக்கு ஒத்துக்காது.

வால் பக்கம் ஈரமா, நாத்தத்தோட இருந்தா அது 'வெட் டெயில்'ங்கற கடுமையான பேதி நோயா இருக்கலாம். குட்டிகளுக்குத்தான் அதிகம் வரும், ஓரிரு நாள்லயே உயிர் போயிடலாம். அதனால டாக்டர் கிடைக்கிற வரை: பழம், காய்கறியை நிறுத்துங்க. ஓஆர்எஸ் கரைசலை ஊசி கழட்டின சிரிஞ்சில, வாயோரமா, ஒவ்வொரு சொட்டா, அதுவே நக்கற வேகத்துக்கு விடுங்க; அவசரப்பட்டு உள்ளே தள்ளினா நுரையீரலுக்குப் போயிடும். துணி சுத்தின வெந்நீர் பாட்டிலைக் கூண்டின் ஒரு பக்கம் மட்டும் வைங்க, சூடு அதிகமானா அது நகர்ந்துக்கணும். கூண்டுல கூட வேற ஹாம்ஸ்டர் இருந்தா பிரிச்சுடுங்க.

ஊர்ல ஹாம்ஸ்டர் பார்க்கற டாக்டர் இல்லேன்னா, சென்னை வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போன் போட்டுக் கேளுங்க. சமையலறைத் தராசுல ஹாம்ஸ்டரோட எடை பார்த்து வச்சுக்கோங்க, முதல்ல அதைத்தான் கேட்பாங்க.